எதிர் வீட்டுச் சீரியல் செட்

கல்யாண வீட்டுக்குக் களை கொண்டு வருவது பெண்ணும் மாப்பிள்ளையும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ராஜபாளையத்தில் மைக்செட்டும் லைட்டும் போட்டே தலை நரைத்தவன் நான். கரண்டு போன கல்யாண வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டுச்சேலைகூட பழஞ்சேலையாகிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். எதிர் வீட்டுக்காரர், "எங்க முகப்புலயும் சீரியல் லைட்டைத் தொங்கவிடுங்க. அந்தப் புள்ள எங்க வீட்டுல வளந்தவ" என்று சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டு பிளக்கிலிருந்தே சீரியல் செட்டுக்குக் கரண்டு எடுத்தேன்.

மறுநாள் விடிகாலை முகூர்த்தம். இருட்டு பிரியவில்லை. அந்த முகப்பில் ஒரு வரிசை எரியாமல் கிடந்தது. பிளக்கைப் பார்க்க உள்ளே போனேன். அவர் கட்டிலில் கிடந்தார். தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டியிருந்தது. காலடியில் அவர் மனைவி.

"தூக்கத்துலயே போயிட்டாவ தம்பி. வெளிய சொல்லிராதிய. தெருவுல சாவுன்னா மேளம் நின்னுரும். அந்தப் புள்ளைக்குத் தாலி ஏறட்டும்."

பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

"அமத்தாதிய. இருட்டாக் கெடந்தா என்னன்னு கேட்டு வருவாவ."

ஜன்னல் வழியாகச் சிவப்பும் பச்சையும் அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான் போட்ட வெளிச்சம்தான்.

வாசல் தாண்டப்போனவனை அந்த அம்மா கூப்பிட்டார். "கெட்டிமேளத்தை செத்த நேரம் கூட வாசிக்கச் சொல்லுதியளா?"

"எதுக்கும்மா?"

"அந்தச் சத்தத்துக்குள்ளதான் நான் அழுதுக்கிடணும்."

தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம். ஊரறிந்த விஷயம். அதற்குள் அழ ஒருவர் இடம் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேளக்காரரிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. "நீட்டி வாசிங்க அண்ணாச்சி" என்றேன். "மூணு முடிச்சுக்கு எம்புட்டு நேரம்யா வாசிக்க?" என்று சிரித்தார். மைக்கைத் தவிலுக்குப் பக்கத்தில் தள்ளி, சத்தத்தை முடிந்த மட்டும் ஏற்றி வைத்தேன்.

மேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை போட, நான் எதிர் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடி செய்தவனே நான்தானே. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பெண்ணின் மாமா கையைக் காட்டினார். மேளம் சட்டென்று நின்றது. "இன்னும், இன்னும்" என்று நான் கையை ஆட்டினேன். மேளக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்றும் கெட்டிமேளம் என்றாலே என் காது அதற்கு அடியில் எதையோ தேடுகிறது. கேட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. சொந்த மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றேன்.

அன்றைக்குக் கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் எதிர் வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தல தம்பி" என்றார்.