ஒரு வேலை, மூன்று விழா

எங்கள் நகர்மன்றத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரிப்பன். அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார், உள்ளூரப் பெருமைதான். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, காரில் ஒரு கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். அவருடைய எல்லா விழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவன் நான். அதனால் அவரைக் குறை சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் இந்த வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வேலையை ஒரே விழாவோடு முடிப்பது அவருக்கு ஆகவே ஆகாது. தெருவிளக்கு என்றால் கம்பம் நட ஒரு விழா, பல்பு மாட்ட ஒரு விழா, சுவிட்சைப் போட இன்னொரு விழா. எங்கள் தெருவில் கம்பத்துக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு தேர்தலே நடந்து முடிந்துவிட்டது.

சந்தைக் கழிப்பறையும் இப்படித்தான். கட்டி, வெள்ளையடித்து, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. அமைச்சர் வந்து திறக்க வேண்டுமாம். சாவி தலைவரின் பையில். சந்தையில் காய்கறி விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவரின் கூடப் பிறந்த அக்காவும் அங்கேதான் தக்காளி விற்கிறார். தம்பி தலைவரான பிறகும் அவர் தராசை விடவில்லை.

ஒருவழியாக அமைச்சர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையே தலைவர் சந்தைக்கு வந்து மேடைக்கு இடம் பார்த்தார். கழிப்பறை வாசலை ஒட்டியே மேடை. வாசலை மறைத்து, தலைவர் கைகூப்பிச் சிரிக்கும் பேனர்.

"வாசலை மறைச்சிட்டா அமைச்சர் எப்படிங்க உள்ள போவாரு?" என்று கேட்டேன்.

"அவர் எதுக்குய்யா உள்ள போறாரு? ரிப்பனை வெட்டிட்டுப் போயிடுவாரு. போட்டோல பூட்டு தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கல்வெட்டு வந்தது. அமைச்சர் பெயரைவிடத் தலைவர் பெயர் பெரிதாக இருந்ததால் திரும்பிப் போனது. புதன்கிழமை, விழாவுக்குச் சட்டைக் காலரில் மாட்டும் மைக்தான் வேண்டும் என்று என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார். கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது மைக்கை எப்படிப் பிடிப்பது என்பது அவர் கவலை. அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார்.

"டேய், சாவியைக் குடு."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோக்கா. அமைச்சர் திறக்கணும்."

"எனக்கு வர்றது உன் அமைச்சரைக் கேட்டுட்டா வருது? போக இடமில்லாம, கடையில உக்கார்ந்தா பொழுது சாயுற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கிறதில்லடா. நீர்க்கடுப்பு உயிரை எடுக்குது. இப்படியே இருந்தா கிட்னி போயிடும்னு டாக்டர் கத்துறாரு."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "திறந்தாலும் தண்ணி வராதுக்கா. குழாயெல்லாம் போட்டாச்சு, வால்வைத் திருப்புறதுதான் பாக்கி. அதுக்கு அடுத்த மாசம் தனி விழா."

அதைச் சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு பூரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு டீ கொண்டுவரச் சொன்னார். அக்கா அதைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

வியாழன் முழுவதும் தலைவர் கண்ணாடி முன் சிரித்துப் பார்த்ததாகக் கேள்வி. வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு ஹோட்டலைத் திறந்து வைத்தார். ஓசிச் சாப்பாடு, ஒரு பிடி பிடித்துவிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய அமைச்சர் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. கூட்டம் கலையாமல் இருக்கத் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். போட்டோவில் பெண்கள் தெரிய வேண்டும் என்று அக்காவையும் மற்ற வியாபாரிகளையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "தாய்மார்களின் நலனே" என்று தொடங்கியவர் நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். காலரில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"அக்கா... வயித்தைக் கலக்குதுக்கா."

நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"அமைச்சர் வரட்டும்டா. பொறுத்துக்கோ" என்றார் அக்கா.

சந்தையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. பையில் இருந்த சாவியை எடுத்து நீட்டினார். வாசல் பேனருக்குப் பின்னால் அல்லவா? அக்கா மேடையேறி, தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, பேனரில் தம்பியின் மூக்குக்கு நேராக வைத்து ஒரே இழுப்பாகக் கீழே வரை கிழித்தார். பூட்டைத் திறந்தார். தலைவர் தன் சிரிப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஒரு நல்ல மைக் செட்காரன் அந்த நேரத்தில் மைக்கை அணைத்திருப்பான். என் கையும் பொத்தான் மேல்தான் இருந்தது. புதன்கிழமை தொடாமல் வைத்துப்போன டீ நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது.

"ஐயோ! தண்ணி வரலையே!"

"அதுக்கு அடுத்த மாசம் தனி விழாடா தம்பி!" என்று கதவைப் பார்த்துச் சொன்னார் அக்கா.

"யோவ், பிளம்பர்! வால்வைத் திருப்புய்யா!"

பிளம்பர் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். பாவம், விதிப்படி நடக்கிற மனுஷன். "தலைவரே, அப்ப விழா?" என்று குரல் கொடுத்தார்.

"விழாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! திறய்யா!"

பிளம்பர் பின்பக்கம் ஓடினார். குழாய் இருமியது, பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம் ஒலிபெருக்கி வழியாகச் சந்தை முழுக்கக் கேட்டது. எத்தனையோ விழா பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லாமல் ஜனங்கள் கைதட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்வரிசைப் பெண்கள் எழுந்து மேடையேறி, கிழிந்த பேனர் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அக்கா வரிசையில் நிற்கவில்லை. அமைச்சருக்காக மேசையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அமைச்சரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.