ஜெர்மனிக் குதிரைக்குத் தைத்த சேணம்

நான் நடத்தும் லாயத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் குதிரை ஹாஸ்டல். கணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பத்துக் கொட்டடி போட்டு, அடுத்தவர்களுடைய குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லா ஊரிலும் குதிரை வாங்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிவைக்கத்தான் இடம் இருக்காது. தீனி வைப்பது, லத்தி அள்ளுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, தினமும் நடக்க விடுவது எல்லாம் எங்கள் வேலை. சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஹாஸ்டல் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர் மாதிரியேதான் வருவார்கள். கையில் ஒரு பை கேரட் இருக்கும். வந்ததும் "இளைச்சுட்டானே" என்பார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். நான் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்புறம் பெங்களூர் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஆபீஸ் வேலைக்குப் போனேன். ஆபீஸில் உட்கார்ந்ததைவிட லாயத்தில் நின்றதுதான் அதிகம். கடைசியில் குதிரைப் பராமரிப்புக்கும் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பெருமைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அம்மா என்னிடம், "ஊர்ல படிச்சதுங்க எல்லாம் ஏசி ரூம்ல குந்தினு இருக்குது. நீ குதிர பின்னாடி மொறம் எடுத்துனு நிக்கிற" என்பாள். கல்யாண வீட்டில் மற்றவர்களிடம் பேசும்போது, "எம் பொண்ணு பத்து குதிரைக்கு வார்டன்" என்பாள். இரண்டும் ஒரே வாய்தான்.

நான் சொல்ல வந்தது செவலையைப் பற்றி. காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மார்வாரி இனப் பெட்டைக் குதிரை. செம்பு நிறம். அவளுடைய சொந்தக்காரர் ராணிப்பேட்டையில் சேணமும் ரைடிங் பூட்ஸும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் முதலாளி. நாற்பது வயதிருக்கும். கலகலப்பான மனிதர். எங்களிடம் வந்து ஆறு மாதம், குதிரையோடு வந்த பழைய கம்பளிச் சேணத்திலேயே செவலை அவரைச் சுமந்தாள். ஒரு முறை முணுமுணுத்ததில்லை.

அப்புறம் ஒரு நாள், பட்டுப் புடவையைப் பிரிப்பது மாதிரித் துணியைப் பிரித்துப் புதுச் சேணம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஜெர்மனிக்குப் போற சரக்கு மேடம். அந்த ஊர் குதிரைங்க போடுறத நம்ம செவலையும் போடட்டும்."

என் பழைய வேலை கையை விட்டுப் போகவில்லை. தையல் ஓட்டத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு தையல் ஏறவில்லை, ஒன்று இறங்கவில்லை. தோலை மடக்கிப் பார்த்தேன். ஓரத்தில் சாயம் கையில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். "சூப்பர் சார்" என்றேன். கம்பெனியில் இருந்திருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

இரண்டு வாரத்தில் செவலை மாறிப்போனாள். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கினாள். மூன்றாவது வாரம் பாயின் சட்டைப் பட்டனைக் கடித்து எடுத்தாள். பாய் என்பது என்னோடு வேலை செய்கிறவர். வேலூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை பிடித்து, மேளச் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் குதிரைகளை அடக்கிப் பழகியவர். அவரையே கடித்தாள். நான்காவது ஞாயிறு, சென்னையிலிருந்து வந்த தன் மச்சான் வேடிக்கை பார்க்க, முதலாளி ஏறி உட்கார்ந்தார். செவலை இரண்டு முறை பின்னங்காலை உதறினாள். மூன்றாவது உதறலில் அவர் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் மச்சான் வீடியோ எடுத்திருந்தார். அது சாயங்காலத்துக்குள் அவர்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்த்த வீடியோ ஆகிவிட்டது.

"திமிரு ஏறிப்போச்சு. ஆடி மாசக் குதிரச் சந்தைக்கு ஏத்தி விட்டுடுறேன். புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் முதலாளி, மணலைத் தட்டிவிட்டபடி.

 உதறும் குதிரை என்று பெயர் வாங்கியதைச் சந்தையில் யார் எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். வாங்குகிறவன் ஒரு மாதம் அடித்துப் பார்ப்பான், அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். கடைசியில் வண்டியில் கட்டுவார்கள். ஆடிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"நெத்தியில சுழி சரியில்லம்மா. நான் மொத நாளே பாத்தேன்" என்றார் பாய்.

"மொத நாளே பாத்தீங்கன்னா ஆறு மாசம் ஏன் பாய் சும்மா இருந்தீங்க?"

"ஆறு மாசம் நல்லா இருந்துச்சே!"

சுழியை நான் நம்பவில்லை. நான் படித்தவள், எனக்கென்று ஒரு காரணம் வேண்டும். கொள்ளு ஜாஸ்தி ஆகிவிட்டது, அதுதான் உடம்பில் முறுக்கு என்று முடிவு கட்டி, தீனியைக் கம்மி செய்தேன். மருத்துவரை வரவழைத்துப் பல், குளம்பு, கால் எல்லாம் பார்க்கச் சொன்னேன். அந்த வாரம் மழையால் யாரும் அவள்மேல் ஏறவில்லை. எங்கும் வீக்கமில்லை, ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். கொள்ளு குறைந்ததில் செவலை கொஞ்சம் இளைத்ததுதான் மிச்சம்.

மழை விட்டதும் நானே சேணம் போட்டு ஏறினேன். உதறினாள், நான் விழவில்லை. இருபது நிமிடம் நடத்தியும் மெதுவாக ஓட்டியும் பார்த்துவிட்டு இறங்கிச் சேணத்தைக் கழற்றினேன். முதுகு முழுக்க வேர்வை. ஆனால் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் காய்ந்து கிடந்தது. பவுடர் போட்டது மாதிரி.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காய்ஞ்சிருந்தா நல்லதுதானம்மா?" என்றார்.

நல்லதில்லை. அந்த இடம் அழுந்தி அழுந்தி வேர்வை வரவே வழியில்லாமல் போயிருக்கிறது. விரலால் லேசாக அழுத்தினேன். செவலை முதுகைக் கீழே இறக்கி என் விரலிலிருந்து நழுவினாள். பாயை ஏறி உட்காரச் சொல்லி, சேணத்தின் முன்வளைவுக்கும் எலும்புக்கும் நடுவில் கை விட்டுப் பார்த்தேன். ஆள் இல்லாதபோது இரண்டு விரல் போன இடத்தில், ஆள் ஏறியதும் ஒரு விரல்கூடப் போகவில்லை. முதலாளி பாயைவிட முப்பது கிலோ அதிகம்.

சேணத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் உண்டு. ஜெர்மனிக் குதிரைகளின் முதுகு அண்டாவைக் கவிழ்த்தது மாதிரி அகலம். செவலையின் முதுகு ஓட்டு வீட்டு முகடு மாதிரி. அகலச் சட்டம் முகட்டில் நிற்காமல் சறுக்கி இறங்கி, எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் தோலைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், சாயத்தைப் பார்த்தேன். போடப்போகிற முதுகைப் பார்க்கவில்லை. தோல் பட்டணத்துக்காரிக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். செவலையின் கழுத்தில் முகத்தை வைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என் துப்பட்டாவை மென்றாள்.

இனி முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் உயிரையே வைத்திருக்கும் சரக்கைக் குறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செவலை சந்தைக்குப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் செவலை பக்கமே போகவில்லை. ஏறிப் பழக வரும் பிள்ளைகளுக்காக நான் வைத்திருக்கும் வயதான வெள்ளைக் குதிரையில் இரண்டு சுற்றுப் போனார். இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால் சுண்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், செவலைக்குத் திமிர் இல்ல. வலி."

"எங்க வலி? டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"சேடில் அழுத்துது சார்."

அவர் சிரித்தார். "மேடம், ஜெர்மனிக்காரன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து எடுக்குற சரக்கு. ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. நீங்கதான சூப்பர்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தையலப் பாத்து சொன்னேன்."

"அப்ப இன்னா, என் சரக்கு மட்டம்ங்கிறீங்களா?" சிரிப்பு போய்விட்டது. பாய் வாளியை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார். வாளியில் தண்ணீர்கூட இல்லை.

 கண்ணில் பட்டது அவருடைய சுண்டு விரல்தான். சிவந்திருந்தது.

"சார், எறங்குனதும் மொத வேலையா பூட்ஸ கழட்டறீங்களே, ஏன்?"

"கடிக்குது."

"உங்க கம்பெனி பூட்ஸ்தான?"

"நம்முதுதான். சைஸெல்லாம் கரெக்டா இருக்கும். லாஸ்ட் அவங்க காலுக்கு எடுத்தது. அவங்க பாதம் நீட்டு, ஒல்லி. நம்ம பாதம் முன்னாடி அகலம், அதனால..."

அங்கேயே நிறுத்திவிட்டார். லாஸ்ட் என்பது பாதத்தின் வடிவில் செய்த அச்சு. அதன்மேல் தோலை இழுத்து ஒட்டித்தான் ஷூ செய்வார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவர் பூட்ஸைப் பார்த்தார். கொட்டடியில் நின்ற செவலையைப் பார்த்தார். மறுபடி பூட்ஸைப் பார்த்தார்.

"சரக்குல குத்தம் இல்ல சார்" என்றேன். "லாஸ்ட் வேற."

அவர் வெறுங்காலோடு எழுந்து போய், நான் காட்டிய இரண்டு இடத்திலும் கை வைத்தார். செவலை நழுவினாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சரி. இதோட முதுகுக்கே ஒண்ணு பண்றேன். அதுலயும் தூக்கிப் போட்டா சந்தைதான். அப்புறம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன் சார்."

மறுநாள் அவர் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர் வந்தார். அளவு எடுத்து அட்டை வெட்டுகிறவர். பதினைந்து வருடமாகச் சேணத்துக்கு அட்டை வெட்டுகிறார். குதிரையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. வாசலிலேயே நின்றார்.

"கடிக்குமா மேடம்?"

"பட்டன் இருந்தாதான் கடிக்கும்" என்றார் பாய். மாஸ்டர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஏழு பட்டன்.

கடைசியில் டேப்பைத் தூர எறிவது மாதிரி நீட்டி, மெல்லிய கம்பியைச் செவலையின் தோள்மேட்டில் வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்தார். மூன்று இடத்தில் எடுத்தார். அட்டையைப் பக்கத்துத் தடுப்பின்மேல் வைத்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகுவதற்குள் செவலை அட்டையில் பாதியைத் தின்றுவிட்டாள்.

"இன்னா மேடம் பேஜாரு! மறுபடி மொதல்ல இருந்தா?"

மறுபடி முதலிலிருந்துதான். ஆனால் இரண்டாம் தடவை அவர் தூர நிற்கவில்லை. கம்பியை எடுத்த பிறகும் உள்ளங்கையை முதுகிலேயே வைத்திருந்தார். "சூடா இருக்குது மேடம்" என்றார், அதிசயமாக.

சேணம் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை செவலைமேல் ஒரு துணிகூடப் போடவில்லை. நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடக்கவிட்டேன். குறைத்த கொள்ளைத் திரும்பக் கொடுத்தேன். தினமும் வெந்நீர்த் துணியால் முதுகை ஒத்தினேன். காய்ந்த இடத்தில் இப்போது விரல் வைத்தால் நழுவவில்லை. ஆனால் குதிரைக்கு வலி மறந்தாலும் பயம் மறக்காது. புதுச் சேணம் வந்ததும், தீனி வாளி முன்னால் இருக்கும்போது மட்டும் பத்து நிமிடம் முதுகில் வைத்து எடுத்தேன். பட்டையை இறுக்கவில்லை. இப்படி ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் முதலாளி போன் செய்து, "இன்னிக்கு ஏறலாமா?" என்பார். "இல்ல சார்" என்பேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு வரச் சொன்னேன். பேட்டர்ன் மாஸ்டரும் கூட வந்தார், கழுத்துவரை மூடிய டீ ஷர்ட்டில். மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டையை ஒவ்வொரு ஓட்டையாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி இறுக்கினேன். செவலை தலையைத் திருப்பினாள். காதுகள் பின்னால் போயின. பாய் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள், சேணத்தைப் பார்த்தாள், காதை முன்னால் கொண்டுவந்து மாஸ்டரின் கையில் இருந்த கேரட்டைப் பார்த்தாள்.

முதலாளி மர ஸ்டூலில் நின்று மெதுவாக உட்கார்ந்தார். முன்வளைவுக்குள் கையை விட்டேன். மூன்று விரல் தாராளமாகப் போனது.

"நடத்துங்க சார்."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. செவலை கழுத்தை நீட்டி, மூக்கால் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். குதிரை மனசு லேசானால் அப்படித்தான் விடும். மூன்றாவது சுற்றில் மெல்ல ஓடினாள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் பாக்கெட்டில் போன் அலறியது. அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார், ஒரு கையில் கடிவாளம் இருந்ததால்.

"சார், நாளைக்கு லாரி அனுப்பட்டுமா? அந்த ஒதர்ற குதிரைக்கு?" புரோக்கரின் குரல் தோப்பு முழுக்கக் கேட்டது.

செவலை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பினாள். கால் நிற்கவில்லை.

"எந்தக் குதிர?" என்றார் முதலாளி.

"செவல சார். விக்கணும்னீங்களே?"

"நானா? நம்மகிட்ட விக்கிற மாதிரி குதிர ஒண்ணும் இல்லையே!" முகத்தில் கொஞ்சம்கூட வெட்கமில்லை. பாய் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் கைதட்டப் போனார், நான் கண்ணைக் காட்டியதும் கையைக் கீழே போட்டார்.

அதற்கப்புறம் அவரைக் கீழே இறக்குவதுதான் பெரிய பாடாகிவிட்டது.

"சார், மொத நாள். இருபது நிமிஷம் ஆச்சு. போதும்."

"இன்னும் ஒரே ரவுண்டு மேடம்."

"அவ முதுகுக்குப் போதும் சார். எறங்குங்க."

இறங்கினார்.