பிரிச்சுப் பாத்தீங்களா?

பெட்டியை அழுத்திப் பூட்டிவிட்டு, மூட்டையக்கா அதை மறுபடியும் திறக்கிறார். மடித்து வைத்த துணிகள், பல் துலக்கும் பிரஷ், மருந்து டப்பா எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு வருகின்றன. வாசலில் டாக்சி ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டது. "கட்டிட்டா ஆச்சா? பிரிச்சா எல்லாம் வருதான்னு பாக்க வேணாமா?" என்கிறார். அவருடைய கணவர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்கிறார். "கல்யாணமான நாள்ல இருந்து இதே கூத்துதாங்க. நாங்க எந்த ரயிலையும் நடந்து போய்ப் பிடிச்சதே இல்ல. ஓடித்தான் பிடிச்சிருக்கோம்."

ஊருக்குப் போகும்போது மட்டும் என்றால் பரவாயில்லை. மாற்றுச் சாவி செய்தால், செய்தவரையே வீடு வரைக்கும் அழைத்து வந்து பூட்டைத் திறந்து காட்டச் சொல்வார். வெயில் கொளுத்தும் நாளில் புதுக் குடையை விரித்துக் குழாயடியில் பிடித்துப் பார்ப்பார். அவர் குடியிருக்கும் தெருவில் அவரைக் கொஞ்சம் ஒரு மாதிரி என்றுதான் நினைக்கிறார்கள். நானும் நினைத்ததுண்டு.

குழந்தைகளின் காதுக்கான மருத்துவமனை ஒன்றில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வந்துபோகும் ஒவ்வொரு குழந்தையின் சோதனையும் படமும் சிகிச்சையும் அதில் சேர்ந்து, அது பெருத்துக்கொண்டே போகிறது. அதை நசுக்கிச் சுருக்கி, வேறோர் இடத்தில் ஒரு நகல் பத்திரப்படுத்த வேண்டும். பேக்கப் என்பது அதன் பெயர். அங்கே இருப்பவர்கள் மூட்டை கட்டுவது என்பார்கள். அப்படித்தான் அவர் மூட்டையக்கா ஆனார். எப்படிச் சுருக்குவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரே சேதி திரும்பத் திரும்ப வந்தா, ஒரு தடவை எழுதிட்டு மிச்சத்துக்கு 'மேற்படி'ன்னு போட்டுக்கும். எங்க மாமியார் போன்ல ஒரு மணி நேரம் பேசுறத ரெண்டு வரியில அடக்கிடலாம்."

கட்டிய மூட்டையை அவர் நம்பமாட்டார். வாராவாரம் அதை ஓரத்து அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பிரித்துக் கொட்டுவார். ஏதாவது ஒரு குழந்தையின் விவரத்தை எடுத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரப்பிஸ்டிடம் போவார். "இது சரிதானாம்மா?" என்று கேட்டு, அந்தப் பெண் தலையாட்டிய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

நான் அவரைத் தெரிந்துகொண்டது என் தங்கை மகளால். இரண்டரை வயது வாண்டு. பிறவியிலேயே கேட்காத அவள் காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தி, அதற்குத் துணையாகக் காதோரம் ஒரு துண்டை மாட்டியிருக்கிறார்கள். எந்தச் சத்தத்தை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்ற அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். கூடினால் அலறுவார்கள், குறைந்தால் ஒன்றும் கேட்காது. பேசத் தெரியாத பிள்ளையின் புருவத்தையும் இமையையும் பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் பொறுமையாகக் கண்டுபிடித்த அளவு அது. எங்கள் வாண்டு அந்தத் துண்டைக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். புதுத் துண்டு வந்தது. ஆனால் அது வெறும் துண்டு. மருத்துவமனையில் சேமித்து வைத்திருக்கும் அளவுகளை ஏற்றினால்தான் அவளுக்குக் கேட்கும்.

ஏற்றலாம் என்று வாண்டையும் தூக்கிக்கொண்டு நாங்கள் போன அன்று காலையில் சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. நிர்வாகி பதறவே இல்லை. "பேக்கப் இருக்குல்ல, அதுல இருந்து எடுத்துக்கலாம். மேடம் லீவுல போறதுக்கு முன்னாடி அத பாதியா சுருக்கிக் குடுத்திருக்காங்க. இப்பதான் இடம் பத்துது" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

நாத்தனார் கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்த மூட்டையக்காவின் முகம் மாறியது. "பாதியாவா? அவ்வளவு இளைக்காதே சார். யாராச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அவர் பிரித்தார். அளவுகள் இருக்க வேண்டிய அட்டவணையே மூட்டைக்குள் இல்லை.

நடந்தது இதுதான். இடம் போதவில்லை என்று நிர்வாகம் நெருக்கியதால், 'தற்காலிகம்' என்று பெயர் தொடங்கும் அட்டவணைகளையெல்லாம் விட்டுவிடும்படி அக்கா கட்டளை எழுதிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அவை அன்றாடம் சேரும் குப்பை. ஆனால் அளவுகளை எழுதி வைக்க தெரப்பிஸ்டுகள் தொடங்கிய புது அட்டவணைக்கும், முதலில் சோதனைக்குத்தானே என்று, அதே பெயரை வைத்திருந்தார்கள். சோதனை முடிந்து எல்லாக் குழந்தைகளின் அளவுகளும் அதற்குள் குடியேறிய பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. குப்பையோடு அதுவும் வெளியே நின்றுவிட்டது. இடத்துக்காகப் பழைய மூட்டைகளையும் அழித்துவிட்டிருந்தார்கள். "தப்பு என்னோடதுதான். கட்டிட்டு, பிரிச்சுப் பாக்காம ரயிலேறிட்டேன்" என்றார் அக்கா. எனக்குக் கோபம் வந்தது. வாண்டின் புதுத் துண்டு என் கைப்பையில் சும்மா கிடந்தது.

டிஸ்க் முழுதாகச் சாகவில்லை. திக்கித் திணறிக் கொஞ்சம் கொஞ்சம் படித்தது. மொத்தத்தையும் ஒரேயடியாக நகலெடுத்துவிடலாம் என்றார் நிர்வாகி. "மூச்சு வாங்குறவர மாடிப்படி ஏறச் சொல்லாதீங்க சார்" என்று அக்கா தடுத்தார். அந்த ஒரே அட்டவணை போதும், அதுவும் சிறு சிறு துண்டாக. "இன்னிக்கு சுருக்குற வேலையே கிடையாது. வர்றது வர்றபடியே வரட்டும்." ஒரு மின்விசிறியை இழுத்து வந்து இயந்திரத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிறகு தெரப்பிஸ்டைப் பார்த்து, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பிள்ளைங்களால வாயத் திறந்து சொல்ல முடியாது?"

அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. "நாலு வயசுக்குக் கீழ எல்லாருமேக்கா. பெரியவங்கன்னா சத்தம் ஜாஸ்தி, கம்மின்னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு வாரத்துல திரும்ப வெச்சுடலாம்."

"அப்ப கடைசியாப் பொறந்ததுல இருந்து வரட்டும்."

எனக்கு அடக்க முடியவில்லை. "அக்கா, எங்க குழந்தையோடத முதல்ல எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவளவிட சின்னதுங்க இருக்குப்பா. வரிசையில வருவா." அந்த நேரத்தில் அவரைப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

கொஞ்சம் வரும், டிஸ்க் நிற்கும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்; மறுபடி தட்டுவார். மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. சின்னஞ்சிறுசுகள் எல்லாம் வந்தார்கள், வாண்டும் வந்தாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்த பிறகு டிஸ்க் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. நிர்வாகி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவோ கையை விடுவித்துக்கொண்டு, வந்த நகலைப் பழைய கம்ப்யூட்டரில் பிரிக்கப் போய்விட்டார்.

அங்கிருந்துதான் வாண்டின் அளவுகளைப் புதுத் துண்டுக்கு ஏற்றினார்கள். தெரப்பிஸ்ட் அதை அவள் காதோரம் மாட்டிவிட்டாள். வாண்டு அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. தரையில் உட்கார்ந்து பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்கிறதா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. மூட்டையக்கா உள்ளே வந்தார். அவருடைய ரப்பர் செருப்பு தரையில் சப்சப்பென்று அடித்தது.

வாண்டு சடாரென்று திரும்பினாள். புருவத்தை நெரித்து அவரை முறைத்தாள். மடியில் தூங்கும் பொம்மையைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்ஷ்" என்றாள்.

மூட்டையக்கா நின்ற இடத்திலேயே குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில், பின்பக்கமாகவே வெளியே நடந்தார்.