நாய் படுத்த கட்டில்

என்னோடு அறையில் தங்கியிருந்த டீச்சர் ஒரு நாய்க்குட்டியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்து நின்ற அன்று காலையிலிருந்தே மழை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் செங்கல்பட்டுக்காரி, அவள் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவள் என்றாலும் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் வீட்டில் பின்பக்கத்து அறை எங்களுக்கு. இரண்டு நாடாக் கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு இடம். அவ்வளவுதான் அறை.

“வல்லக்கோட்டை ரோட்டுல கெடந்துச்சு டீச்சர். தாய் லாரியில அடிபட்டுட்டு போல. மழை விட்டதும் வெளிய விட்டுருதேன்” என்றாள்.

மழை நான்கு நாள் விடவில்லை. அட்டைப்பெட்டியில் போட்ட குட்டி கத்திக்கொண்டே இருந்ததால் முதல் நாளே அதைத் தன் போர்வைக்குள் எடுத்துவைத்துக்கொண்டாள். அதன் பிறகு பெட்டிக்கு வேலையில்லாமல் போனது. பெயர் வைக்கவில்லை. “ஏலே” என்று கூப்பிடுவாள், அது வரும்.

நான் நாயை வெறுப்பவள் இல்லை. எங்கள் வீட்டிலும் நாய் இருந்தது. ஆனால் அது வாசலில் இருந்தது. சோற்றைத் தட்டில் போட்டு வாசலில் வைப்போம், தின்றுவிட்டு அங்கேயே படுக்கும். படுக்கையில் நாய் என்பதை நான் கேள்விப்பட்டதும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“டீச்சர், இது தரையில படுக்கட்டுமே. ஒரு சாக்கு போட்டுக் கொடுங்க.”

“அதுக்குக் குளிருதுல்லா.”

“நனைஞ்ச நாத்தம் ரூம் பூரா அடிக்குது.”

“நாளைக்குக் குளிப்பாட்டிருதேன் டீச்சர்.”

குளிப்பாட்டினாள், அதையும் சொல்ல வேண்டும். என் லைஃப்பாய் சோப்பை எடுத்துக் குளிப்பாட்டினாள்.

மழைக்காலம் முடிந்து குட்டி வளர்ந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அவள் தூங்கியதும் அது அவள் கட்டிலிலிருந்து இறங்கி என் கட்டிலில் ஏறிக்கொள்ளும். என் கட்டிலின் நாடா பழசு, நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருக்கும். அந்தப் பள்ளம் அதற்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். காலால் தள்ளினால் இறங்கும், நான் கண்ணயர்ந்ததும் மறுபடி ஏறும். காலையில் போர்வையை உதறினால் உண்ணிகள் விழும். ஒரு கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் உண்ணி பொறுக்கிப் போடுவது என் தினசரி வேலையாகிவிட்டது.

இதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது வேறு. அவளுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது.

“ராத்திரி எதாவது குடுக்கியளா டீச்சர் அதுக்கு?” என்று ஒரு காலை கேட்டாள். தலை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நான் எதுக்குக் கொடுக்கணும்? நான் தள்ளித் தள்ளி விடறேன், அது வருது.”

“சும்மா வருமா. நாந்தான சோறு போடுதேன்.”

வேண்டாம் என்று சொல்கிறவளிடம் போய், நீ ஏன் பறித்துக்கொண்டாய் என்கிறாள். அன்று வாயில் பல்பொடியோடு கிணற்றடியில் நின்றபோது வீட்டுக்கார அம்மா, “இன்னா டீச்சர், மூஞ்சி உம்முனு கீது” என்று கேட்டார். “இந்த நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டாத் தேவலைம்மா” என்றேன். ஆத்திரத்தில் வந்த வார்த்தை. அடுத்த வாளித் தண்ணீரை இறைப்பதற்குள் மறந்துபோனேன். அந்த அம்மா மறக்கவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. அலாரம் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் காலை வீசி இறக்கினேன். கால்மாட்டில் சுருண்டிருந்த அதன் வயிற்றிலோ வாலிலோ குதிகால் அழுந்தியது. கத்திக்கொண்டு என் கணுக்காலுக்கு மேலே கவ்விவிட்டு அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. இரண்டு பல் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் பாயில் சொட்டியது.

“வேணும்னு கடிக்கல டீச்சர், பயந்துட்டு” என்றாள் அவள். முதலில் அதைச் சொன்னாள். பிறகுதான் என் காலைப் பார்த்தாள்.

வீட்டுக்கார அம்மா மிளகாய்த்தூள் டப்பாவோடு வந்தார். “இத வெச்சி அமுக்கு டீச்சர், விஷம் எறங்கிடும்.” நான் வேண்டாமென்று கிணற்றடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். அவளும் கூட வந்து தண்ணீர் ஊற்றினாள். முதல் பஸ்ஸில் என்னோடு பெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கும் வந்தாள்.

“நாய் எங்க கடிச்சது, ரோட்டிலயா?” என்று டாக்டர் கேட்டார்.

“கட்டில்ல சார்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“வயித்தில பதினாலு ஊசி. தினமும் வரணும், ஒரு நாள் விடக்கூடாது. நாயைக் கட்டிப்போட்டுக் கவனிங்க. பத்து நாள் கழிச்சும் நல்லபடியா இருந்தா அதோட ஊசியை நிறுத்திடலாம்.”

அன்றிலிருந்து அந்த நாயின் உயிரில் என்னைவிட அக்கறையுள்ளவர் யாரும் இல்லை. காலையில் எழுந்ததும் அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். சோற்றில் என் பங்குப் பாலை ஊற்றினேன். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்து, பள்ளிக்கு வந்து சேர மணி பத்தரை ஆகும். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்ப்பார். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட இடமெல்லாம் எலுமிச்சம்பழம் போல வீங்கி, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாது. கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதினால் வலிக்கும்.

நாயை மாட்டுக்கொட்டகைக்கு அருகே வேப்பமரத்தில் கட்டியிருந்தோம். பிறந்ததிலிருந்து படுக்கையில் படுத்து வளர்ந்தது அது. கயிற்றில் கட்டிய நாள் முதல் ஓயாமல் ஊளையிட்டது. யாரும் தூங்கவில்லை. “மாடு ரெண்டு நாளா பால எக்கிக்கினு கீது டீச்சர், சரியாவே கறக்கல, வாடிக்கைக்கு இன்னா பதில் சொல்றது நானு” என்று வீட்டுக்கார அம்மா முணுமுணுத்தார். பத்து நாள் பொறுங்கள் என்று இருவரும் கெஞ்சினோம். சரி என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தால் வேப்பமரத்தில் கயிறு மட்டும் இருந்தது.

“என் தம்பி வந்துருந்தான். சிங்கப்பெருமாள் கோவில்ல டீக்கடை வெச்சிக்கினு கீறான்ல, அவன்தான் சாக்குல போட்டு சைக்கிள்ல எத்துகினு போனான்” என்றார் அந்த அம்மா.

“ஏம்மா, பத்து நாள்னு சொன்னோமே” என்றேன்.

“ஒங்குளுக்கோசரந்தான் அனுப்ச்சேன். நீங்கதான டீச்சர் அன்னிக்கிக் கெணத்தாண்ட சொன்னீங்கோ, எங்கியாவது கொண்டும்போயி வுட்டாத் தேவலைன்னு.”

பக்கத்தில் நின்றவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அறைக்குள் போனதும் சொன்னேன்.

“டீச்சர், அது கடிக்கறதுக்கு முன்னாடி சொன்னது. இப்ப எனக்கு அது உயிரோட கண் முன்னாடி இருக்கணும். நான் போய் அனுப்பச் சொல்லுவேனா? யோசிச்சுப் பாருங்க.”

“சொன்னியளா, இல்லியா?”

“சொன்னேன். ஆனா...”

“அப்பச் சரி” என்று தலையணையைத் தட்டிப் போட்டாள்.

மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் இருவரும் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற அந்த ஊருக்குப் பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தும் அவள் சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ரயில் ஸ்டேஷன் அருகே டீக்கடையில் அந்தத் தம்பி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். “வர வழியிலயே சாக்கு அவுந்துகிச்சி டீச்சர். குதிச்சி ஓடிடுச்சி. நான் இன்னா பண்றது” என்றார். எந்த இடத்தில் என்று கேட்டால் செங்கல் சூளைக்கு அந்தாண்டையா இந்தாண்டையா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. எங்களுக்கு இரண்டு டீ கொடுத்தார். குடிக்காமல் வந்தோம்.

டாக்டர், “நாய் இல்லைன்னா பதினாலும் போட்டாகணும்மா” என்றார். போட்டுக்கொண்டேன். கடைசி ஊசிக்குப் பிறகும் பயம் போகவில்லை. வெறிநாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். டம்ளரை எடுக்கும்போதெல்லாம், இப்போது இறங்குமா என்று பார்ப்பேன். இறங்கும். அடுத்த முறை மறுபடி அதே பயம். ஊரில் இருந்த என் அம்மாவுக்கு எழுதவில்லை. அறையில் சொல்லியழ ஆள் இல்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மாலையில் தனியாக நடக்கப் போய்விட்டு இருட்டுவதற்கு முன் வருவாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அப்படி மூன்று வாரம். ஒரு மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது அவசரத்தில் தண்ணீர் புரையேறியது. சாதாரணப் புரைதான். ஆனால் தொண்டை அடைத்ததும் வந்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். டம்ளரைத் தள்ளிவிட்டு, இருமவும் முடியாமல், குழந்தைகள் சன்னலில் நின்று பார்க்க, மேசையில் தலையை வைத்து அழுதேன். மற்ற டீச்சர்கள் முதுகைத் தடவினார்கள். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் அறையில் என் கட்டில் ஓரமாக வந்து நின்றாள்.

“டீச்சர், அது நல்லாத்தான் இருக்கு.”

“எது?”

“நாய். சூளையில கல்லு அறுக்கிற ஒரு அம்மா வச்சிருக்கா. நான் தெனமும் போய்ப் பாக்கேன்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க ஒம்பதாவது ஊசி போட்ட அன்னைக்குக் கண்டுபிடிச்சேன்.”

கணக்குப் போட எனக்கு நேரமாகவில்லை. மறுநாளோடு பத்து நாள். நிறுத்தியிருக்கலாம். கடைசி நான்கு ஊசிகளையும் தவிர்த்திருக்கலாம். அதைவிட, இத்தனை நாள் தண்ணீரைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டாம்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வீட்டுக்காரம்மாட்ட சொல்லி அங்கிருந்தும் வெரட்டிருவியளோன்னு பயந்தேன். ஊசி போட்டா உங்களுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன். நீங்க இப்படிப் பயந்துட்டு இருக்கியன்னு சத்தியமாத் தெரியாது டீச்சர்.”

“பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கேன். தெரியாதா?”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த டீக்கடைக்காரர் மேலோ, வீட்டுக்கார அம்மா மேலோ எனக்குக் கோபமில்லை, அவர்கள் மாட்டையும் வியாபாரத்தையும் பார்த்தார்கள். இவள் என்னோடு முதல் பஸ்ஸில் வந்தவள். டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள்.

அடுத்த நாள் நானே கேட்டு அவளோடு சூளைக்குப் போனேன். பார்க்காமல் நம்பத் தயாராயில்லை. ஓலைக் குடிசைக்குள் தரையில் விரித்த பாயில் கல் அறுக்கும் பெண்ணின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகோடு முதுகாக நாய் படுத்திருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது. “பிள்ளை பக்கத்துல விடாதீங்கம்மா, என்னைக் கடிச்சது இது” என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். “அதுக்கு ஒண்ணுந் தெரியாது டீச்சர். பூச்சி பொட்டு வந்தா கொலைக்குது. நா கல்லு அறுக்கசொல்ல புள்ளைக்கு இதானே தொணை.”

அவளிடம் உண்ணியைப் பற்றிச் சொன்னேன், ஊசியைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு மண் பிசையப் போய்விட்டாள். இந்த விஷயத்தில் அன்றுவரை என் பேச்சை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வருடம் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வேறு அறை அங்கே கிடையாது. அதே இரண்டு கட்டிலில் படுத்தோம். உப்பு இருக்கிறதா, விளக்கை அணைக்கட்டுமா என்கிற அளவுக்குப் பேசிக்கொண்டோம். அவள் மாலையில் சூளைக்குப் போய்வருவதை நிறுத்தவில்லை. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள், அது ஒன்றுதான் மாறியது. நான் ஒரு நாளும் கூடப் போகவில்லை.

மே மாதம் எனக்குச் செங்கல்பட்டுக்கு அருகிலேயே இடம் கிடைத்துக் கிளம்பினேன். பெட்டியை பஸ் நிற்கிற இடம் வரை அவள்தான் தூக்கி வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு, “ஒரு வார்த்த சொல்லியிருக்கணும் டீச்சர். என் மேல வருத்தம் வச்சுக்கிடாதீங்க” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன்.

வருத்தம் இருந்தது. கிணற்றடியில் நான் சொன்னதற்கும் நாய் போனதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் இப்போதாவது நம்புகிறாளா என்று கேட்க வாய் வரை வந்தது. சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் முடியவில்லையே என்று விட்டுவிட்டேன். கண்டக்டர் பெட்டியை மேலே போடச் சொன்னார். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக் கொடுத்தோம்.