மருமகனும் விளையாடலாம்

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதியில சிட்னியில எங்கட ஆக்கள் ஒரு கூடைப்பந்து லீக் நடத்தினவை. ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில ஒரு உள்ளரங்கு, சனிக்கிழமை பின்னேரம், ஊர்ப் பள்ளிக்கூடங்களின்ர பேரில ரீம்கள். நீங்கள் ஊரில எங்க படிச்சனீங்களோ அந்த ரீமுக்குத்தான் விளையாடலாம். இஞ்ச வந்து டொக்டராகியிருக்கலாம், எஞ்சினியராகியிருக்கலாம், தலைமயிர் முழுக்கக் கொட்டியிருக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் பத்தாம் வகுப்புப் பெடியன்தான்.

அப்பா எங்கட ரீமின்ர மனேஜர். எங்கட எண்டு சும்மா சொல்லுறன். அது அப்பா படிச்ச, ஆம்பிளைப் பிள்ளையளுக்கான சின்னப் பள்ளிக்கூடம். ஒராளுக்கு முழங்கால் போய், ஒராள் வேலை கிடைச்சு மெல்பேர்ன் பக்கம் மல்கிரேவுக்குப் போய், கடைசியா அஞ்சே அஞ்சு பேர்தான் மிஞ்சினவை. அதில ஒருத்தர் பல் டொக்டர். பந்து வந்தா விரல் உடைஞ்சு போகுமெண்டு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கொள்ளுவார். அஞ்சு பேர் வராட்டி ஆட்டம் போச்சு. ஒரு சீசனில ரெண்டு தரம் அப்பிடி நடந்தா ரீமையே லீக்கில இருந்து தூக்கிப்போடுவினம். அப்பாவுக்கு அதுதான் பயம்.

"என்ர கையில இருக்கேக்கை பள்ளிக்கூடம் இல்லாமல் போகக்கூடாது" எண்டு சாப்பாட்டு மேசையில சொல்லுவார்.

"பள்ளிக்கூடம் ஊரில அப்பிடியேதானே அப்பா இருக்கு" எண்டு நான் சொன்னா முறைச்சுப் பாப்பார்.

நானும் விளையாடினனான், தெரியுமோ? இஞ்சத்தைப் பொம்பிளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூட ரீமில பந்தைத் தட்டிக்கொண்டு முன்னுக்குப் போறது நான்தான். எங்கட ஆட்டமும் சனிக்கிழமைதான் வந்து துலைஞ்சது. அப்பா ஒருநாளும் வந்து பாக்கேல்லை. அம்மா ஒருக்கா வந்து, "உதென்ன பிள்ளை காற்சட்டை, முழங்காலுக்கு எவ்வளவு மேல நிக்குது!" எண்டிட்டுப் போட்டா. அப்பா வராதது எனக்குச் சுட்டது. இப்ப நினைச்சாலும் சுடும்.

நான் படிப்பு முடிச்சு வேலைக்குப் போகத் தொடங்கின நேரம்தான் அந்த நெட்டை மனிசன்ர கதை வெளிக்கிட்டது. மலேசியாவில இருந்து படிக்க வந்து, எஞ்சினியராகி, ஹோம்புஷில ஃப்ளாட் எடுத்து இருந்தவர். கதவு நிலையைக் கண்டாத் தலை தானாக் குனியிற உயரம். லீக்கிலேயே பெரிய ஸ்டார். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் இல்லாத ஆக்களுக்கெண்டு இருந்த ஒரு ரீமில விளையாடினவர். அது கலைஞ்சு போக, மனிசன் தனி ஆளா நிண்டார். ஆர் எடுக்கிறாங்களோ அவங்களுக்குக் கோப்பை. ஆனா எப்பிடி எடுக்கிறது? பள்ளிக்கூடம் இல்லையே!

லீக் கமிட்டி கூடி, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடியுமட்டும் சண்டை பிடிச்சு, ஒரு புது விதி கொண்டுவந்தது. பழைய மாணவரின்ர பிள்ளையளும் மருமகன்மாரும் விளையாடலாமாம். எந்த விசரன் யோசிச்சானோ தெரியாது. அண்டையில இருந்து அந்த மனிசன் விளையாட்டுக்காரன் இல்லை, மாப்பிள்ளை.

பிறகென்ன! கலியாண வயசில பெட்டை இருக்கிற வீடெல்லாம் அவருக்கு விருந்து. முதலிடத்தில இருந்த ரீம், தங்கட மனேஜரின்ர மகளைத்தான் கட்டுவார் எண்ட துணிவில, கூடைக்குக் கீழ நிண்டு விளையாடுற தங்கட பழைய சென்ரரை வாங்கில இருத்திப்போட்டுது. அந்தச் சென்ரர் கோவிச்சுக்கொண்டு சேர்ச்சில பாட்டுக்குழுவுக்குப் போட்டார். இன்னொரு ரீமின்ர செயலாளர் சாதகம் கேட்டு மலேசியாவுக்கே ரெலிபோன் எடுத்தவராம். ஒருத்தரும் பந்து பழகேல்லை. லீக் முழுக்கப் பொருத்தம் பாத்துக்கொண்டு இருந்தது.

ஒருநாள் வேலையால வாறன், குசினியில கணவாய்க் கறி மணக்குது. கிழமைநாளில கணவாயோ?

"ஆர் வாறது?"

"ஒரு பெடியன் சாப்பிட வாறான். சும்மாதான்" எண்டார் அப்பா.

"எவ்வளவு உயரம்?"

அப்பா முகத்தைத் திருப்பினார்.

"அப்பா, எனக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ, ரீமுக்குச் சென்ரர் பாக்கிறியளோ?"

"ரெண்டும் ஒண்டாக் கிடைச்சா வேண்டாமெண்டே சொல்லுறது?"

அம்மா கொடுப்புக்குள்ள சிரிச்சா. எனக்கெண்டாக் கோவம் உச்சியில ஏறிச்சுது.

மனிசன் வந்தார், குனிஞ்சார், கதிரையில இருந்தார். கதிரையில இருந்தும் அப்பாவை விட உயரம். அப்பா வேலையைப் பற்றிக் கேக்கேல்லை, தாய் தேப்பனைப் பற்றிக் கேக்கேல்லை. துள்ளினாக் கை எவ்வளவு தூரம் எட்டும் எண்டு கேட்டார். நான் வெக்கத்தில குசினிக்குள்ள ஓடிட்டன். கொஞ்சத்தால சாப்பிட்ட கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார்.

"கோவமா இருக்கீங்களா?" எண்டார், தன்ர மலேசியாத் தமிழில.

"ஓம்."

"எனக்கும்தாங்க. போற வீட்டுல எல்லாம் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறாங்க. தலைக்கு மேல எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கிறாங்க." பிறகு குரலைக் குறைச்சார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. சின்னப் பிள்ளையிலேர்ந்து நான் சும்மா நின்னாக்கூட யாராவது பந்தைக் கொண்டாந்து கையில கொடுத்துடுவாங்க. வேணாம்னு சொல்லத் தெரியலை. இப்ப முதுகு வேற வலி."

"அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"கணவாய்னு சொன்னாங்க லா."

நான் சிரிச்சுப்போட்டன். அதோட என்ர கதை முடிஞ்சுது. ஹோம்புஷ் தோசைக்கடையில ஒளிச்சு ஒளிச்சுச் சந்திச்சு, நல்ல மனிசன் எண்டு கண்டு, கட்டுறதெண்டு முடிவெடுத்தம். விளையாடுறேல்லை எண்டும் அவர் முடிவெடுத்தார். அதை அப்பாவுக்குச் சொல்லவேண்டியது நான்.

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ஆனா அவர் விளையாட மாட்டார்."

"ஒரு சீசன்?"

"இல்லை."

"அரைச் சீசன்?"

"அப்பா!"

"சரி பிள்ளை. நீ சந்தோசமா இருந்தாச் சரி. நான் அவரைக் கேக்க மாட்டன்" எண்டார். பிறகு அறைக்குள்ள போய்ப் பல் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்து, இனி ஒரு சனியும் விடாமல் வாங்கோ எண்டு கெஞ்சினது எனக்குக் கேட்டது.

இஞ்சத்தைச் சனத்துக்கு இதொண்டும் தெரியாது. கலியாணம் எண்ட உடன மற்ற ரீமெல்லாம் நடுங்கிப் போச்சுது. முதலிட ரீம் பழைய சென்ரரிட்டை ஓடிப்போய்க் கும்பிட, தனக்குத் தனிப்பாட்டுக் குடுத்திருக்கு, வர ஏலாது எண்டிட்டாராம்.

கலியாணம் முடிஞ்சு முதல் சனிக்கிழமை அரங்கு நிறைஞ்ச சனம். எல்லாரும் என்ர மனிசனைப் பாக்க வந்தவை. அவர் அயன் பண்ணின நீளக் காற்சட்டையோட, மடியில ஒரு தட்டுப் பற்றீஸை வச்சுத் திண்டுகொண்டு இருந்தார். உது ஏதோ தந்திரம் எண்டு எதிர் ரீம் குசுகுசுத்தது.

பல் டொக்டர் வரேல்லை. ஆருக்கோ அவசரமாப் பல்லுப் பிடுங்கிறாராம். கோர்ட்டில நாலு பேர். அந்தச் சீசனில ஏற்கெனவே ஒரு ஆட்டம் அப்பிடிப் போயிருந்தது. ரெஃப்ரி மணிக்கூட்டைப் பாத்தார். அப்பா என்ர மனிசனைப் பாத்தார். வாய் திறந்து கேக்கேல்லை. வாக்குக் குடுத்தவர்.

என்ர மனிசனுக்குப் பொறுக்கேல்லை. "நான் வேணும்னா..." எண்டு எழும்பினார்.

"இருங்கோ!" எண்டு அவரின்ர சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்து இருத்திப்போட்டு நான் இறங்கினன். "அங்கிள், பழைய மாணவரின்ர பிள்ளையள் விளையாடலாம் எண்டு நீங்கள்தானே விதி போட்டனீங்கள்? நான் இவற்ற பிள்ளை."

கமிட்டித் தலைவர் முழுசினார். "பொம்பிளைப் பிள்ளையளை நாங்கள் யோசிக்கேல்லை, மகள்."

"அது தெரியுது, அங்கிள்."

தலைவர் தானே என்ர பேரைத் தாளில எழுதினார். ஜேர்சி? அப்பா கள்ளத்தனமா மருமகன்ர அளவுக்கு ஒண்டு தைப்பிச்சு காரில வச்சிருந்தவர், வாக்குக் குடுக்க முதலே தைச்சதாம். போட்டன். முழங்காலுக்குக் கீழ வந்தது. அம்மாவுக்குப் பரம திருப்தி.

தோத்தம். வடிவாத் தோத்தம். ஆனா ரீம் தப்பிச்சுது. அஞ்சாறு பந்து கூடைக்குள்ள போட்டன். எதிர் ரீம் அங்கிள்மார் என்னை மறிக்க வெக்கப்பட்டு விலகினவை, அதையும் சொல்லத்தானே வேணும். அடுத்த சீசன் ஒவ்வொரு ரீமிலயும் ஒரு மகள் நிண்டாள். அதுக்குப் பிறகு ஒருத்தரும் விலகேல்லை, இடுப்பில முழங்கையால இடிச்சுப்போட்டுத்தான் போனவளவை.

அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சு நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாங்கில இருந்தன். அப்பா முன்னால வந்து நிண்டார்.

"உப்பிடி விளையாட எங்க பழகினனி?"

"பள்ளிக்கூடத்தில அப்பா. சனிக்கிழமையில."

அவருக்கு விளங்கிச்சுது. கீழ நிலத்தைப் பாத்தார். என்ர சப்பாத்துக் கயிறு அவிண்டு கிடந்தது. மெல்ல முழங்காலை மடிச்சு இருந்து, சின்னப் பிள்ளைக்குக் கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டார்.

"மற்றக் காலையும் நீட்டு, பிள்ளை" எண்டார்.