அருகில் வரவும்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை, நடந்தது. சந்தேகம் இருக்கிறவர்கள் மாங்காய் சீசனில் சித்தூர் பக்கம் போய், மாம்பழக் கூழ் ஃபாக்டரி வாசலில் வரிசை கட்டி நிற்கிற டிராக்டர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஃபாக்டரி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அங்கே இன்றைக்கும் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்துப் பகலில் நிம்மதியாக இருக்கிறவர் நீங்கள் என்றால், இதைப் படிக்காமல் விட்டுவிடுவது நல்லது. இது நடந்தபோது மணி இரண்டேகால். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நடந்தது சுனிலுக்கு. நகரிக்குப் பக்கத்துக் கிராமம், இருபத்தாறு வயது. தோப்பில் பறித்த பெங்களூரா மாங்காயை டிரெய்லர் நிறைய ஏற்றிக்கொண்டு முந்தின நாள் காலையில் வந்து வரிசையில் நின்றான். அன்றைக்கென்று பார்த்து ஃபாக்டரியில் பாய்லர் ரிப்பேர். அவனுக்கு முன்னால் இருபது முப்பது டிராக்டர்கள், பின்னால் ஒரு மைல் தூரத்துக்கு. மாங்காய் தார்ப்பாய்க்கு அடியில் பழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு வருஷத்துப் பாடு கண் முன்னால் நாறப்போகிறதே என்று அடிக்கொரு தரம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சாலை கேட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். வரிசை நகரும்போது யாரும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மாட்டார்கள். பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். டிரைவர் டீ குடிக்கவோ ஓரமாக ஒதுங்கவோ போயிருந்தால், பின்வண்டிக்காரர் ஏறி அவன் வண்டியையும் கொஞ்சம் உருட்டி நிறுத்திவிட்டு வருவார். கேட்க வேண்டியதில்லை. வரிசையில் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற உதவி அது.

அதனால்தான் கிளம்பும்போது சுனிலின் நைனா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்.

"மாங்கா அழுவிப் போனா போவட்டும். வெயிலுக்கு வண்டி அடியில மட்டும் படுத்துடாத. சத்தமே இல்லாம உருளும்."

சுனில் சரி என்று தலையாட்டினான். ஒன்றரை நாள் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

பொழுது போவதுதான் பெரும்பாடு. அந்த மலையடிவாரத்தில் எந்தக் கம்பெனி சிம்முக்கும் டவர் எடுக்காது. இதைத் தெரிந்துதான் தங்கச்சி ஷோபா, நெட் இல்லாமல் ஆடக்கூடிய கேம்களாகப் பார்த்து அவன் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். கிரிக்கெட் ஆடி அலுத்தது. பைக் ரேஸில் விழுந்து எழுந்து அலுத்தது. லூடோவில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி அதுவும் சலித்துப்போனது.

இரண்டாம் நாள் மதியம், லூடோவில் அதுவரை தொடாத ஒரு பட்டனைத் தொட்டான். 'பக்கத்தில் இருப்பவரோடு ஆட.' அதற்கும் நெட் வேண்டாம். இரண்டு போனும் முப்பது நாற்பது அடிக்குள் இருந்தால் போதும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

தொட்ட உடனே ஒரு பெயர் வந்து நின்றது.

சீனு.

சுனிலுக்குச் சந்தோஷம். நம்மைப்போலவே எவனோ காய்ந்துகொண்டு கிடக்கிறான் என்று நினைத்தான். முன்வண்டியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்த ஆளாகத்தான் இருக்கும். ஆட்டம் தொடங்கியது.

சீனு நன்றாக ஆடினான். ஆனால் ஒன்று... அவன் யோசிக்கவே இல்லை. சுனில் கட்டத்தில் காயை வைத்து விரலை எடுப்பதற்குள் அந்தப் பக்கம் டைஸ் உருண்டுவிடும். இன்னொன்று, அவன் வெட்டவே இல்லை. சுனிலின் காய் நேர் எதிரே மாட்டிக்கொண்டு நின்றாலும் வெட்டாமல் வேறு காயை நகர்த்துவான். முதல் ஆட்டம் சுனில் ஜெயித்தான். இரண்டாவதும் அவன்தான். ஜெயித்ததில் சந்தோஷம் வரவில்லை. யாரோ வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து உட்கார வைத்திருப்பதாகத் தோன்றியது.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் திரை மங்கியது. ஒரு வரி வந்தது.

'இணைப்பு விலகுகிறது. அருகில் வரவும்.'

மூலையில் நாலு கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சுனில் சீட்டிலிருந்து இறங்கி முன்வண்டி பக்கம் நடந்தான். அந்த ஆள் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கையில் போனே இல்லை. சுனிலின் போனில் இருந்த ஒரு கோடும் போய்விட்டது.

திரும்பிப் பின்வண்டிக்கு வந்தான். அது புத்தூர் பக்கத்திலிருந்து வந்த திருமலையுடையது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவர் மனைவி தாட்சாயணியும் கூடவே வந்திருந்தாள். இரண்டு நாள் பழக்கத்தில் அண்ணா, அக்கா என்று ஆகியிருந்தது. அக்கா உங்க போன்ல லூடோ இருக்குதா என்று கேட்டான். அவள் சிரித்தாள். அவர்களிடம் இருந்தது பட்டன் போன்.

அங்கேயும் கோடு இல்லை.

தன் வண்டியை நெருங்கினான். ஒரு கோடு வந்தது.

டிரெய்லர் ஓரமாக நின்றான். இரண்டு.

குனிந்தான். மூன்று.

குனிந்தபடியே அடியில் பார்த்தான். யாரும் இல்லை. நிழல் மட்டும் இருந்தது. சாலையெல்லாம் அனல் பறக்க, அந்த நிழலிலிருந்து மட்டும் சில்லென்று ஒரு காற்று வந்து முகத்தில் பட்டது.

நைனா சொன்னது ஞாபகம் வந்தது. பாய்லர் இன்னும் ரெடியாகவில்லை, வரிசை இப்போதைக்கு நகராது, ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உள்ளே நுழைந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் குறுக்காகப் படுத்தான். கால் இரண்டும் சாலையோரத்து வாய்க்கால் பக்கமாக வெளியே நீட்டியிருந்தன.

நாலு கோடு. முழு சிக்னல்.

டைஸ் உருண்டது. டக்... டக்... டக்.

தரை ஈரத்துணி போலக் குளிர்ந்திருந்தது. அந்த வெயிலில் எப்படி என்று அவன் யோசிக்கவில்லை. ஆடினான். சீனு ஆடினான். அவன் ஆடினான்.

டக்... டக்... டக்.

சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று வால்யூமைக் குறைத்தான். முழுக்கக் குறைத்தான்.

டக்... டக்... டக்.

சத்தம் போனிலிருந்து வரவில்லை. இடது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

சுனில் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை என்றுதான் பிறகு சொன்னான். கண் திரையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்போது தூரத்தில் கேட் திறக்கிற சத்தம்.

யாரோ விசில் அடித்தார்கள்.

முன்வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. அதன் சக்கரம் உருள்வது அவன் கடைக்கண்ணில் தெரிந்தது.

அவன் டிராக்டரில் யாரோ ஏறினார்கள். திருமலையண்ணன். உதவிக்கு ஏறுகிறார்... பிரேக்கை விடப்போகிறார்...

சுனில் கத்தினான்.

சத்தம் வரவில்லை.

எழப் பார்த்தான்.

இடது தோளின்மேல் ஏதோ பாரமாகச் சாய்ந்திருந்தது.

சரளைக்கல் நெறுநெறுவென்றது.

சக்கரம் சட்டையைத் தொட்டது...

"பிரேக்க புடி. பிரேக்க புடி."

தாட்சாயணியின் குரல். வண்டி குலுங்கி நின்றது. சட்டைக்கை டயருக்கு அடியில் மாட்டியிருந்தது, கை மாட்டவில்லை. தோளில் இருந்த பாரம் அந்த நொடியே காணாமல் போனது. அவள்தான் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிய, சுனில் வாய்க்கால் ஓரத்தில் வந்து விழுந்தான்.

அக்கம்பக்கம் ஓடிவந்தது. திருமலைக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. பாவம், நல்லது செய்யப்போன மனுஷன். பின்னாலிருந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். சரி, வண்டியை நகர்த்தலாம் என்று திருமலை மறுபடி ஏறினார். தாட்சாயணி நகரவில்லை. டிராக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இருய்யா. இன்னொருத்தரு உள்ளாறவே இருக்காரு."

திருமலை குனிந்து பார்த்தார். முன்வண்டிக்காரர் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். யாரும் இல்லை. சுனிலின் போன் மட்டும் மண்ணில் மல்லாந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். திரையில் வெளிச்சம் இருந்தது.

'சீனு காத்திருக்கிறார்.'

சுனில் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். அந்தப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள் என்று பயம்.

ஐந்து மணிக்கு அவன் மாங்காயை எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். பாதி கனிந்திருந்தது, ஆனாலும் கழித்துக் கட்டவில்லை. வருஷத்துப் பாடும் தப்பித்தது, உயிரும் தப்பித்தது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது. கேட் எதிரே இருந்த டீக்கடைக்கு நாலு பேராகப் போனார்கள். சுனில், திருமலை, தாட்சாயணி, எடை போடுகிற நாகபூஷணம். நாகபூஷணம் அந்த ஃபாக்டரியில் பல வருஷமாக இருக்கிறவர்.

திருமலை மனைவியைக் கேலி செய்தார். வெயில் தலைக்கேறி ஒருத்தன் ரெண்டாகத் தெரிந்திருக்கிறான் என்றார். அவள் சிரிக்கவில்லை. டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு காலு தெரிஞ்சிச்சி தம்பி. ரெண்டு உன்னுது. பக்கத்தில இருந்தவருக்கு எடது கால்ல புத்தூர் கட்டு. மூங்கில் தப்ப வெச்சி, துணி சுத்தி... அந்தக் கால வெச்சிக்கினு அவரு எப்பிடி நவுருவாரு. அதான் வண்டிய வுடல."

நாகபூஷணம் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். எந்த இடம் என்று கேட்டார். சின்னப் பாலத்தைத் தாண்டி, வாய்க்கால் ஓரம் என்றார் திருமலை.

நாகபூஷணம் அந்தப் பக்கம் சாலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருஷம் அதே இடத்தில், மரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து கட்டுப் போட்டு, டிரைவரோடு கூட வந்திருந்த ஒருவன் நிழலுக்கு வண்டியடியில் படுத்திருந்தானாம். பின்வண்டிக்காரர் ஏறிப் பிரேக்கை விட்டிருக்கிறார். கட்டுக்காலோடு அவனால் நகர முடியவில்லை. வெளியே எடுத்த நாலு பேரில் நாகபூஷணமும் ஒருவர்.

சுனிலுக்கு இப்போது புரிந்தது. அப்படியானால் அதுதான் விஷயம். பாவம், செத்தவன். அதை நினைத்தபோது ஏனோ கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"அவரு பேரு சீனுவா சார்?"

நாகபூஷணம் அவனையே பார்த்தார்.

"அந்தப் பேரு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

சுனிலின் கை பைக்குள் இருந்த போனைத் தேடியது.

"செத்தவன் பேரு சிரஞ்சீவி. அன்னிக்கிக் காலையில டோக்கனுக்கு வந்தான். டவரே இல்லியே, எப்பிடிப்பா பொழுது போவுதுன்னு கேட்டேன். போன்ல லூடோ ஆடிக்கினு இருக்கேன் சார், யாரோ சீனுவாம், பக்கத்திலயேதான் இருக்காரு, ஆளத்தான் இன்னும் பாக்கலன்னான்."