வெற்றிலை எடுத்த கை

என் கை வெந்து போகவில்லை. பொய்யாகத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டை ஏமாற்றினேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் இதை எழுத முடிந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். காரைக்குடியில் கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுப்பது என் தொழில். எழுத்து, முன்பணம் எதுவும் கிடையாது. கல்யாண வீட்டார் தட்டில் வைத்து நீட்டும் வெற்றிலையை நான் எடுத்துவிட்டால் அந்த முகூர்த்தம் அவர்களுடையது.

பள்ளத்தூர் மீனாள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் எடுத்தேன். சில நாள் கழித்து, அதே முகூர்த்தத்துக்கு ஒரு பெரிய வீட்டார் கார் அனுப்பி அழைத்தார்கள். மறுக்க வாய் வரவில்லை. கூச்சமா? இல்லை... அவ்வளவு பெரிய வீடு என்னைத் தேடி வந்த பெருமை!

மறுநாள் வலக்கையில் துணியோடு மீனாளின் தாயார் முன்னால் நின்றேன். "எண்ணெய் கொட்டிருச்சு ஆச்சி."

"முறுக்குக் கெடக்கு, மொதல்ல கையப் பாருங்க!" என்று பதறினார் அந்த அம்மாள்.

கடையில் வாங்கிய முறுக்கைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் பேசாத பேச்சில்லையாம்.

அந்த மீனாள் இன்று கல்லூரியில் வணிகச் சட்டம் நடத்துகிறாள். "புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம். நீங்க வந்து நின்னாப் போதும் ஆச்சி" என்று போன மாதம் என்னைக் கூட்டிப் போனாள்.

கதவோரம் நின்றேன். அப்பப்பா, என்ன பாடம் அது!

"தட்டை நீட்டுறது முன்மொழிவு. வெத்தலைய எடுத்தா ஏற்பு. கையெழுத்து இல்லாட்டியும் அது ஒப்பந்தந்தான்" என்றாள். என் அடுப்படி வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமா! சன்னதியில் திரை விலகும்போது வருமே, அப்படி மேல் சிலிர்த்தது.

"ஒத்துக்கிட்டவுகளால செய்யவே முடியாமப் போனா? என் கல்யாணத்துக்கு முறுக்குச் சுத்த வேண்டிய இந்த ஆச்சிக்குக் கை வெந்துபோச்சு. முடியாததச் செய்யச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தாது. முடியலன்னு பொய் சொன்னாத்தான் குத்தம்."

என் பொய் பாடமாகிவிட்டது! பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்...

"எந்தக் கை ஆச்சி?" முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"தழும்பே காணோம்! மருந்துக்கு முறுக்கு மாவையே பூசிக்கிட்டீகளோ?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பே சிரித்தது.

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை?

"சும்மா இருங்கடா, ஆச்சி கூச்சப்படுவாக" என்று மீனாள் அதட்டினாள். என் கூச்சமே என் பொய்யை மூடிக் காத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எவ்வளவு மரியாதை... எவ்வளவு பாரம்!

புறப்படும்போது மீனாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். "அடுத்த வருசப் பிள்ளைகளுக்கும் நீங்கதான் வரணும்."

எடுத்தால், மறுபடி அந்தப் பொய்யின் பக்கத்தில் நிற்க வேண்டும். எடுக்காவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும். அவள் தட்டை நீட்டியபடியே சிரித்துக்கொண்டு நின்றாள்.

எடுத்துவிட்டேன்... வெந்திராத அதே வலக்கையால்.